ஓசிடி படம் வரவில்லையா? லேசரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள் (மலைமேல் இருப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக)

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கமிருந்து காலை ஏழரை மணிக்கு போன் வந்தால் எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். "அண்ணா, ஓசிடி லேசர் போயிடுச்சு." ஓசிடி என்றால் ஒளியால் கண்ணின் உள் அடுக்குகளைப் படம் எடுக்கும் கருவி. போய்ப் பார்த்தால் லேசர் எங்கும் போயிருக்காது. ஃபைபர் (ஒளி ஓடும் கண்ணாடி இழை) முனையில் ஈரம், இல்லாவிட்டால் கழன்ற கனெக்டர், அதுவும் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க கண் முகாம் வேனில் கிடந்து விறைத்துப்போன பெட்டி. மலைமேல் நான் பார்த்த கருவிகளில் லேசர் சில்லே செத்துக் கிடந்தது அபூர்வம். ஆனால் பயந்துபோய்க் கட்டி கீழே அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, "கோளாறு எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்த பெட்டிகள் உண்டு. மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ் ஆள் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், அதுவும் அந்த வழி திறந்திருந்தால். அதனால் இங்கே இருக்கிறவர்களே முக்கால்வாசி பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஸ்வெப்ட் சோர்ஸ் லேசர் உள்ள கண் ஓசிடி பற்றி: விழித்திரைக்கு 1060 நானோமீட்டர் சுற்றுவட்டாரம், கண்ணின் முன்பகுதிக்கு 1310. உங்களிடம் இருப்பது 840 நானோமீட்டரில் ஓடும் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர் வகை என்றால் ஈரம், ஃபைபர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும், கே-கிளாக் (பதிவுக்குத் தாளம் போடும் சிக்னல்) பற்றிய பகுதி பொருந்தாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நிமிஷம். வீணைத் தந்தியை அழுத்தி இழுத்து ஒரே இழுப்பில் ஸ்வரத்தை ஏற்றுகிற மாதிரி, இந்த லேசர் தன் அலைநீளத்தை 1010இல் தொடங்கி 1110 நானோமீட்டர் வரை ஒரே ஓட்டமாக ஓட்டுகிறது. அதுதான் ஒரு ஸ்வீப். நொடிக்கு 1,00,000 ஸ்வீப் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 10 மைக்ரோநொடி. அந்த நேரத்துக்குள் கண்ணிலிருந்து திரும்பும் ஒளியும், ஒப்பிடுவதற்காகக் கருவிக்குள்ளேயே விட்ட ரெஃபரன்ஸ் பக்கமிருந்து திரும்பும் ஒளியும் டிடெக்டரில் கலந்து அலை அலையாக ஏறி இறங்கும். மெதுவாக ஏறி இறங்கினால் மேலே இருக்கும் திசு, வேகமாக ஏறி இறங்கினால் ஆழத்தில் இருக்கும் திசு. கம்ப்யூட்டர் இந்த வேகங்களைப் பிரித்து ஒரு நெட்டுக் கோடு வரைகிறது, கோடுகளை அடுக்கினால் படம். சின்ன லேசர்களில் அலைநீளத்தை இழுப்பது பெரும்பாலும் மின்னழுத்தம் கொடுத்தால் நகரும் ஒரு குட்டி மெம்ஸ் (சில்லில் செதுக்கிய நுண் இயந்திரம்) கண்ணாடி அல்லது மெம்ஸ் ஃபில்டர். இது புரிந்தால் போதும், கீழே சொல்வது எல்லாம் தானாக விளங்கும்.

இன்னொன்று, இது முக்கியம். 1060, 1310 இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. அதிலும் 1060 நேராக விழித்திரைக்குப் போய்விடும். முழுக் கருவியாகக் கட்டியபோது அது 1ஆம் வகுப்பு லேசராக, அதாவது பாதுகாப்பான வகையாக, இருக்கலாம், ஆனால் மூடியைத் திறந்து மூலத்தின் ஃபைபரைக் கழற்றிய நிமிஷம் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 3பி வகுப்பு, நேரடியாகப் பட்டால் கண்ணைக் கெடுப்பது. கழற்றும் முன் எமிஷனை (லேசர் ஒளி வெளிவருவதை) அணையுங்கள், சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். மேசை மேல் வைத்தால் யாராவது போட்டுவிடுவார்கள்.

காலையில் ஆன் செய்தால் லேசர் எழவே இல்லை, அல்லது வெப்பநிலைப் பிழை காட்டுகிறது

மலைப் பிரதேசத்தின் நம்பர் ஒன் புகார் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

லேசர் சில்லுக்கு அடியில், மின்சாரத்தால் குளிர்விக்கவோ சூடாக்கவோ செய்யும் ஒரு பெல்டியர் தகடு இருக்கிறது. பக்கத்திலேயே வெப்பத்தை அளக்கும் ஒரு தெர்மிஸ்டர், பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. சில்லை ஒரே வெப்பநிலையில் பிடித்துவைப்பது இந்த ஜோடியின் வேலை. பிடிக்க முடியாவிட்டால் கருவி எமிஷனைத் தராது. அது கோளாறு இல்லை, காவல். உறைபனி விழும் நாளில் ஊட்டியில் பூட்டிக் கிடந்த அறை காலையில் எட்டு டிகிரியில் இருக்கும். மருத்துவக் கருவிகளின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 10 டிகிரியிலிருந்து என்றோ 15இலிருந்து என்றோ போட்டிருப்பார்கள், உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அறை அதற்குக் கீழே இருந்தால் கருவி சண்டித்தனம் செய்யத்தான் செய்யும். அறையைச் சூடாக்கி, மின்சாரத்தைப் போட்டு, எமிஷன் இல்லாமல் அரை மணி நேரம் விடுங்கள். அதற்கு அப்புறமும் பிழை நின்றால்தான் அடுத்த படி.

சூடாக்குவது என்றதும் ஒரு எச்சரிக்கை. கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு வேண்டாம். கேஸ் எரிந்தால் நீராவி வரும், அந்த நீராவி போய் உட்காரும் இடம் அறையிலேயே குளிர்ந்த பொருள், அதாவது உங்கள் ஓசிடி. கரி அடுப்பின் புகையும் விஷவாயுவும் தனிக் கதை. கரண்ட்டில் ஓடும் ஹீட்டர் காற்றில் ஈரத்தைச் சேர்க்காது.

ஈரம் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு ஒன்று சொல்கிறேன். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் சுமார் 14 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் முகாம். கருவி ராத்திரி வேனில், எட்டு டிகிரியில். காலையில் சமுதாயக் கூடத்துக்குள் கொண்டுவருகிறீர்கள். உள்ளே அறுபது பேர், நனைந்த கம்பளி, மூலையில் டீக்கு வெந்நீர் கொதிக்கிறது. பெட்டியைத் திறந்த உடனே லென்ஸ், கண்ணாடி, ஃபைபர் முனை எல்லாம் பனி படிந்துவிடும். கண்ணாடி போட்டவர்கள் குளிரிலிருந்து சமையல்கட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகுமோ அதேதான். லேசர் சில்லின் சின்ன உலோகப் பெட்டி காற்றுப் புகாமல் அடைத்தது, அதற்குள் ஈரம் போகாது. போவதெல்லாம் வெளியே உள்ள பாகங்களுக்குத்தான்.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். வேனிலிருந்து இறக்கும்போது பெட்டியைத் திறக்கக் கூடாது. தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வாயைக் கட்டி, அப்படியே கூடத்துக்குள் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வேர்வை உறையின் வெளிப்பக்கம் படியும், கருவி உள்ளே காய்ந்தபடி சூடாகும். ஏற்கெனவே பனி படிந்துவிட்டதா? துடைக்காதீர்கள், ஹேர் டிரையரும் காட்டாதீர்கள். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் போட்ட அறையில் தானாகக் காயட்டும். ஆன் செய்வது அதற்கு அப்புறம்.

இத்தனை செய்தும் பிழை போகவில்லை என்றால் அவசர நிறுத்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா, இன்டர்லாக் செருகி (சரியாக உட்காராவிட்டால் லேசரைத் தடுக்கும் பாதுகாப்புச் செருகி) முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, மூடியின் ஸ்விட்ச் அழுந்துகிறதா என்று பாருங்கள். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிய வண்டியில் இந்தக் குட்டிச் செருகிகள் அரை மில்லிமீட்டர் நழுவுவது சாதாரணம். "லேசர் எரிஞ்சுபோச்சு" என்று கூப்பிட்டு, நான் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஒரு செருகியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

எமிஷன் விளக்கு எரிகிறது, ஆனால் பவர் மீட்டரில் ஒன்றும் இல்லை

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். இது என் சொந்த அசட்டுத்தனத்தில் கற்ற பாடம். சிலிக்கான் சென்சர் 1000 நானோமீட்டரைத் தாண்டியதும் வேகமாகக் குருடாகிவிடும், 1310இல் முழுக் குருடு. ஆரம்ப நாட்களில் அப்படி ஒரு சென்சரை 1310 கருவியின் முன் நீட்டி, சுழியம் காட்டியதும் "போச்சு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1310க்கு ஜெர்மானியம் அல்லது இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சர்தான். 1060க்கும் அதுவே நல்லது. மீட்டரில் அலைநீளத்தைச் சரியாக வைத்தீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், மீட்டர் காட்டுவது சராசரி. ஸ்வீப்புக்கும் ஸ்வீப்புக்கும் நடுவே லேசர் அணைந்து கிடக்கும் கருவியில், பாதி நேரம்தான் ஒளி வருகிறது என்றால் மீட்டர் உண்மையான உச்சத்தில் பாதியைத்தான் காட்டும். அதைப் பார்த்து லேசர் பாதி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், கருவி வந்த நாளில் அளந்து எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுதி வைக்கவில்லையா? இன்றைக்கே அளந்து பெட்டியின் உள்மூடியில் ஒட்டுங்கள்.

மீட்டரும் சரி, ஒளியும் இல்லை என்றால் ஃபைபர் முறிந்திருக்கலாம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கும், அல்லது எலி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மருந்தகங்களில் எலி ஒரு தனித் துறை. மஞ்சள் உறையில் பல் தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள், முறிந்த ஃபைபர்த் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வளைவுகள் எதுவும் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

படம் வருகிறது, ஆனால் இருட்டாக, மங்கலாக இருக்கிறது

பத்துக்கு ஒன்பது தடவை ஃபைபர் முனை. என் எண்ணிக்கை இது, புள்ளிவிவரம் இல்லை.

ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) ஃபைபரின் நடுவில் ஒளி போகும் பகுதி 1060இல் சுமார் ஆறு மைக்ரோமீட்டர் அகலம், அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் வீட்டு வாசலில் பாறை உருண்டு விழுந்த மாதிரி. அழுக்கோடு ஆன் செய்தால் சில பத்து மில்லிவாட்டிலேயே அது சுட்டு ஒட்டிக்கொள்ளும், அதற்கு அப்புறம் துடைத்துப் பயனில்லை.

எமிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, முதலில் ஃபைபர் ஸ்கோப்பில் (முனையைப் பார்க்கும் உருப்பெருக்கி) பாருங்கள். எமிஷன் எரியும்போது ஸ்கோப்பில் கண் வைப்பது என்பது லேசரை உருப்பெருக்கிக் கண்ணுக்குள் ஊற்றுவது. கேமரா உள்ள ஸ்கோப் இருந்தால் அதையே வாங்குங்கள். அழுக்கு இருந்தால் கிளிக் பேனாவால் (ஃபைபர் முனை துடைக்கும் கருவி) ஈரமில்லாமல் ஒருமுறை, திரும்பப் பாருங்கள். போகவில்லையென்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சிழை உதிராத துணி, உடனே உலர்ந்த துணி. ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை எடுக்காதீர்கள், அது காய்ந்ததும் படலம் விடும். "ஸ்பிரிட்தானே சார், ஊசி போட முன்னாடி அதைத்தானே தடவுறோம்" என்று ஒரு சிஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் தோலுக்கு ஆறு மைக்ரோமீட்டர் கணக்கு இல்லை.

திரும்பப் பூட்டும்போது நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்த்துச் சீவியது, ஏபிசி. நீலம் என்றால் நேர் முனை, பிசி. பச்சையை நீலத்தோடு சேர்த்தாலும் திருகு பிடிக்கும், அதுதான் ஆபத்து. நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி பாதி போகும், முனையும் கீறும். கனெக்டரின் சாவி நாக்கு பள்ளத்தில் உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே திருகுங்கள்.

முனை சுத்தம், பவரும் சரி, இன்னும் இருட்டு என்றால் பேலன்ஸ்டு டிடெக்டரின் இரண்டு பக்கமும் சமமாக ஒளி வருகிறதா என்று பாருங்கள். ஸ்வெப்ட் லேசரின் வெளிச்சமே கொஞ்சம் துடித்துக்கொண்டிருக்கும், இரண்டு டிடெக்டரையும் கழித்துப் பார்ப்பதால்தான் அந்தத் துடிப்பு காணாமல் போகிறது. ஒரு பக்கம் அழுக்கானால் கழித்தல் சரியாக வராது, பின்னணி இரைச்சல் ஏறும், படம் சாம்பல் பூத்துவிடும். ஒவ்வொரு பக்கமாகக் கழற்றி அளந்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படம் இருட்டு என்றதும் மெனுவுக்குள் போய் லேசர் மின்னோட்டத்தை ஏற்றுவது. செய்யவே செய்யாதீர்கள். கருவிழிக்குப் போகும் ஒளிக்குத் தரநிலைப்படி வரம்பு இருக்கிறது, கண் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 15004-2, லேசருக்கு ஐஇசி 60825-1. அழுக்கை வைத்துக்கொண்டு பவரை ஏற்றினால், அடுத்த வாரம் யாரோ ஒருவர் முனையைத் துடைத்ததும் ஏற்றிய அத்தனையும் நோயாளியின் கண்ணுக்குள் போகும்.

ஃபைபரைத் தொட்டால் படம் வெளிச்சமாகிறது, விட்டால் மங்குகிறது

போலரைசேஷன். ஃபைபர் வளைந்தால் ஒளியின் அதிர்வுத் திசை திரும்பும், கண் பக்கமும் ரெஃபரன்ஸ் பக்கமும் ஒரே திசையில் இல்லாவிட்டால் இரண்டும் கலக்காது. போலரைசேஷன் கண்ட்ரோலரின் துடுப்புகளை (ஃபைபர் சுற்றிய தகடுகள்) மெதுவாகத் திருப்பி வெளிச்சம் உச்சமாகும் இடத்தில் நிறுத்தி, ஃபைபரை டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். ஃபைபர் நசுங்கும்படி இறுக்க வேண்டாம். வேனில் போகும் கருவிக்கு ஒவ்வொரு முகாமிலும் இதைச் செய்ய வேண்டி வரும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

படத்தில் அசையாத படுக்கைக் கோடுகள்

நோயாளி தலையை எடுத்த பிறகும் அதே ஆழத்தில் கோடு நிற்கிறதா? அப்படியானால் அது கண்ணிலிருந்து வரவில்லை. பாதையில் எங்கோ இரண்டு பரப்புகள் தங்களுக்குள் பிரதிபலித்துக்கொள்கின்றன: அழுக்கு முனை, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலம், லென்ஸில் காய்ந்த நீர்த்துளித் தடம். கனெக்டர்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள், எதை அசைக்கும்போது கோடு துடிக்கிறதோ அதுதான். மெல்லிய கோடுகள் மட்டும் என்றால் நோயாளி இல்லாமல் எடுக்கும் பின்னணிப் படத்தைப் புதிதாக எடுத்துக் கழிக்கச் சொன்னாலே போய்விடும். காலைக் குளிரில் எடுத்த பின்னணி மதியத்துக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோடு ஒளியிலிருந்தா, மின்சாரத்திலிருந்தா என்று பிரிக்க ஒரு வழி. டிடெக்டருக்குப் போகும் ஃபைபர்களைக் கழற்றி, எமிஷன் அணைந்த நிலையில், இரண்டு பக்கமும் மூடி போடுங்கள், பிறகு லேசரை ஆன் செய்து படம் எடுங்கள். கோடு இன்னும் இருந்தால் மின்சாரம். லேசரையே அணைத்துவிட்டுப் பார்க்கலாமே என்றால், பல கருவிகளில் கே-கிளாக் லேசரிலிருந்துதான் வருகிறது. லேசர் அணைந்தால் கிளாக்கும் இல்லை, பதிவு அட்டை (சிக்னலைப் பதியும் கம்ப்யூட்டர் அட்டை) படமே எடுக்காமல் நிற்கும், அதை இன்னொரு கோளாறு என்று நினைத்துக் குழம்பிப்போவீர்கள்.

மின்சாரம் என்று தெரிந்தால் லேப்டாப் சார்ஜர், மேசை மோட்டார், பக்கத்துச் சுவரில் செருகிய ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்டேட் பக்கம் பாறை மண்ணில் எர்த் குழி சரியாகப் பிடிக்காமல் இருப்பது அடிக்கடி. யூபிஎஸ் ஆன்லைன் வகையாக இருக்கட்டும். வீட்டு இன்வர்ட்டரின் சதுர அலையில் இந்தக் கருவியை ஓட்டாதீர்கள்.

மேலே கூர்மை, ஆழத்தில் மங்கல்

இதைப் பார்க்க ஒளியைத் திருப்பியனுப்பும் (முகம் பார்க்கும் வகை) ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும், அதற்கு முன் ஒளியை வெகுவாகக் குறைக்கும் என்டி ஃபில்டர். கண் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, ரெஃபரன்ஸ் நீளத்தை நகர்த்தி, கோட்டில் வரும் கூர்முனை ஆழம் போகப்போக எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஆழம் போகப்போக அந்தக் கூர்முனை அகலமாகிக்கொண்டே போனால் கோளாறு கே-கிளாக்கில். லேசர் ஒரே சீரான வேகத்தில் அலைநீளத்தை இழுப்பதில்லை, நடுவில் வேகம், ஓரங்களில் மெதுவு. அதைச் சரிக்கட்டத்தான் ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து, நீளம் மாறாத ஒரு குட்டி இன்டர்ஃபெரோமீட்டருக்குள் விட்டு, அதன் அலைகளையே அளவுகோலாக வைத்து "இப்போது எடு, இப்போது எடு" என்று பதிவு அட்டைக்குச் சொல்கிறார்கள். தாளம் போடுகிறவர் தடுமாறினால் கச்சேரி முழுக்கத் தடுமாறும். கிளாக்குக்குப் போகும் கேபிளின் திருகு தளர்ந்ததா, கிளாக் கிளையின் ஃபைபர் முனை அழுக்கா என்று பாருங்கள். சில மென்பொருளில் உள் கிளாக், வெளிக் கிளாக் என்று தேர்வு இருக்கும், யாராவது கை தவறி மாற்றியிருக்கலாம்.

கூர்முனையின் அகலம் மாறாமல் உயரம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால், லேசர் அந்தந்தக் கணத்தில் தரும் நிறம் அகன்றுவிட்டது என்று பொருள். இது உண்மையிலேயே லேசர் பக்கத்துக் கோளாறு, உங்கள் வேலை இல்லை. உள்ளே பிரதிபலிப்பு திரும்பிப் போய் லேசரைக் குழப்பினாலும் இப்படி வரலாம், அதனால் ஃபைபர் முனைகளை ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

எந்த ஆழத்திலும் தடித்த படம், அடுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன

இரண்டு காரணம்தான். ஒன்று, கண் பக்கப் பாதையிலும் ரெஃபரன்ஸ் பக்கப் பாதையிலும் கண்ணாடித் தடிமன் சமமில்லை, அதாவது டிஸ்பெர்ஷனை (கண்ணாடிக்குள் நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதை) சரிக்கட்டும் எண் தப்பு. முன்பகுதி லென்ஸ் மாட்டிவிட்டு விழித்திரை அமைப்பிலேயே ஓட்டினால் இப்படித்தான் வரும், மென்பொருளில் சரியான அமைப்பைத் தேர்ந்தால் தீர்ந்தது. மற்றது, ஸ்வீப் சுருங்கிவிட்டது.

நுணுக்கம், அதாவது எவ்வளவு நெருங்கிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் என்பது, அலைநீளத்தின் வர்க்கத்தை ஸ்வீப் அகலத்தால் வகுத்து 0.44ஆல் பெருக்கியது. 1060இல் 100 நானோமீட்டர் ஓடினால் காற்றில் சுமார் 5 மைக்ரோமீட்டர், 50 மட்டும் ஓடினால் 10. விழித்திரை அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இது பெரிய வித்தியாசம்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் மலைமேல் யாரிடமும் இருக்காது. அதற்கு ஒரு நாட்டு வைத்தியம் இருக்கிறது. ஆசிலாஸ்கோப்பில் ஒரு ஸ்வீப்பின் அலைகளைப் பிடியுங்கள், கண்ணாடியைச் சரியாக 1 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள், ஒரு ஸ்வீப்பில் எத்தனை அலை கூடியது என்று எண்ணுங்கள். 1010 முதல் 1110 வரை முழுதாக ஓடினால் 178 அலை கூட வேண்டும். தொண்ணூறுக்குப் பக்கத்தில்தான் கூடுகிறது என்றால் ஸ்வீப் பாதிதான் ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து கீழே கொண்டுபோய்க் கேட்கும் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில். எண்ணும்போது பொறுமை வேண்டும், நான் திரையைப் படம் பிடித்து, பிரிண்ட் எடுத்து, பென்சிலால் எண்ணுவேன்.

சுருங்கியது என்று உறுதியானால் அறை குளிரா என்று மறுபடி பாருங்கள். பீசோவால் (மின்னழுத்தத்தில் நீளும் பொருள்) இழுக்கும் ஃபைபர் ஃபில்டர் உள்ள பழைய மூலங்களில் குளிர் ஸ்வீப்பை நகர்த்திவிடும், சூடானதும் பாதி திரும்பிவரும். திரும்பவில்லை என்றால் மின்னழுத்தத்தை நீங்களாக ஏற்றாதீர்கள். மெம்ஸ் கண்ணாடி ஒரு எல்லையைத் தாண்டி இழுபட்டால் சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தச் சில்லு குப்பை.

படம் நடுங்குகிறது, நெடுக்குக் கோடுகள் இங்கும் அங்கும் தாவுகின்றன

கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள். கண்ணாடியிலும் நடுங்கினால் ட்ரிகர் கேபிள் (ஸ்வீப் தொடங்குவதைச் சொல்லும் கேபிள்), அல்லது மேசை அதிர்வு. ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய கட்டடத்தில் வாடல் தொட்டிகளின் விசிறி ஓடும் நேரமெல்லாம் படம் ஆடியது, மேசைக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்ததும் நின்றது. கண்ணாடியில் ஆடாமல் கண்ணில் மட்டும் ஆடினால் நோயாளிக்குக் குளிர்கிறது. சிரிக்காதீர்கள், கம்பளியைக் கொடுங்கள்.

படம் தலைகீழ், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு

கோளாறே இல்லை. கண், ரெஃபரன்ஸ் நீளத்துக்குச் சமமான சுழியக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது, அதனால் கண்ணாடி பிம்பம் தெரிகிறது. நோயாளியையோ ரெஃபரன்ஸையோ நகர்த்துங்கள். அசலைப் போலவே, ஆனால் மங்கலாக, இருமடங்கு ஆழத்தில் இன்னொரு பிம்பம் வந்தால் ஒளி அதிகமாகி டிடெக்டர் திணறுகிறது, ரெஃபரன்ஸ் ஒளியைக் குறையுங்கள்.

மதியம் வரை சரி, அப்புறம் சூடாகி நிற்கிறது

குளிர் ஊரில் சூடா என்று கேட்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்கு சொச்சம்தான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளித் தள்ளும் காற்றின் எடை குறைவு, சூடும் குறைவாகத்தான் போகும். குளிருக்குப் பயந்து கருவியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, மேலே துணியும் போர்த்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு அடி இடைவெளி விடுங்கள், விசிறி வலையில் அடைந்த கம்பளி நூலை எடுங்கள்.

உயரத்தால் அலைநீளமே மாறிவிடாதா என்று ஒரு இளம் என்ஜினியர் கேட்டார். ஒளி முன்னும் பின்னும் ஓடும் குழி காற்றுக்குத் திறந்திருக்கும் லேசரில் காற்றின் ஒளிவிலகல் குறைவதால் 0.06 நானோமீட்டர் அளவுக்கு நகரலாம். நாம் 100 நானோமீட்டர் ஓட்டுகிறோம். விட்டுத் தள்ளுங்கள்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

அறை சூடாகி, முனைகள் சுத்தமாகி, இன்டர்லாக் சரியாகி, சரியான சென்சரில் அளந்தும் பவர் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் அது சில்லு அல்லது ஒளிப் பெருக்கியின் வயசு. அங்கே நிறுத்துங்கள். உலோகப் பெட்டியைத் திறக்க வேண்டாம், திறந்தால் அடைப்பு போய்விடும், இங்கே இருக்கும் ஈரத்துக்கு அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அனுப்பும் முன் எல்லாக் கனெக்டருக்கும் மூடி போடுங்கள், கழற்றும் முன்பே எண் எழுதிய டேப் ஒட்டிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து, சுற்றிலும் தடித்த நுரை. எந்த வெப்பத்தில் என்ன அறிகுறி, கண்ணாடித் துண்டில் கூர்முனை எப்படி இருந்தது, 1 மில்லிமீட்டருக்கு எத்தனை அலை எண்ணினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். டிரைவரிடம் பெட்டியை டிக்கியில் போடாமல் பின் சீட்டில் பெல்ட் மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.